அப்பாவின் மரக்கடை நோட்டில் உள்ள கோடுகள்: யாருக்காவது தெரியுமா?

கணக்குப்பிள்ளை மகன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பா சென்னை வால்டாக்ஸ் ரோட்டில் ஒரு மரக்கடையில் இருபது வருடத்துக்கு மேல் கணக்குப்பிள்ளையாக இருந்தார். போன மாதம் வீட்டுப் பரணை ஒழித்தபோது அவருடைய பழைய நோட்டுகள் ஏழு கிடைத்தன. எல்லாம் 1980களில் எழுதியவை. வருகிற ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வரி: மரத்தின் பெயருக்கு முதல் எழுத்து, சுற்றளவு அங்குலத்தில், நீளம் அடியில், கன அடி. இதெல்லாம் புரிகிறது. ஆனால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருக்கிறார். சிலதில் நாலு, சிலதில் ஆறு, சிலதில் எட்டு. மற்றதெல்லாம் மையில் இருக்க, இது மட்டும் பென்சில். கேட்க அப்பா இல்லை.

சின்ன வயதில் பள்ளி விட்டதும் கடைக்குப் போய்விடுவேன். மழை பெய்தால் தேக்கு மரத்திலிருந்து தோல் வாசனை வரும். துறைமுகத்திலிருந்து பழைய ஜெயில் ரோடு வழியாக, ஸ்டான்லி ஆஸ்பத்திரியைத் தாண்டி, மரம் ஏற்றிய கட்டை வண்டிகள் வரிசையாக வரும். அந்தமான் மரமும் வரும், ரயிலில் மலை மரமும் வரும். ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டே மரத்தை இறக்கி அட்டி போடுவார்கள், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். பார்க்கத் திருவிழா மாதிரி இருக்கும்.

இன்னொன்று. அந்த ரோட்டுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். வெள்ளைக்காரன், கோட்டைக்கு வெளியே ஊர்க்காரர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் கட்டினான், அந்தச் செலவை ஊர்க்காரர்களிடம் வரியாக வாங்க நினைத்தான், கடைசிவரை வாங்கவே முடியவில்லை. வால் டாக்ஸ் என்றால் மதில் வரி. வசூலாகாத வரியின் பெயரில் ஒரு ரோடு. இன்று அதற்கு வ.உ.சி. சாலை என்று பெயர், ஆனால் ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

கோடுகளுக்கு விடை தெரிந்தால் சொல்லுங்கள்.

---

உளிச்சத்தம்

நான் தச்சன். எங்கள் அப்பாவும் தச்சர். எனக்குத் தோன்றுவது, அது மரத்தின் தரம். மரம் வாங்கப் போகும்போது நாங்கள் முதலில் பார்ப்பது சேகு எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்றுதான். நடுவில் வைரம் பாய்ந்த பகுதி சேகு, சுற்றி வெளுப்பாக இருப்பது வெள்ளை. வெள்ளையைப் பூச்சி அரிக்கும். கடையில் வேலை தெரிந்த ஆள் அதற்கு ஏதாவது குறி வைத்திருப்பார். கோடு அதிகம் என்றால் சேகு அதிகம் என்று இருக்கலாம்.

ஒரு வரியை அப்படியே தட்டிப் போடுங்களேன், பார்ப்போம்.

---

கணக்குப்பிள்ளை மகன்

இதோ, ஒரே நாளில் வந்த இரண்டு வரி:

தே – 48 – 12 – 12 – பின்னால் ஆறு கோடு
கோ – 48 – 12 – 12 – பின்னால் எட்டு கோடு

தே என்பது தேக்கு, கோ என்பது கோங்கு. இரண்டும் ஒரே அளவு. தரக் குறி என்றால் தேக்கைவிடக் கோங்கு உசத்தி என்று ஆகிறதே? அப்பா அப்படி எழுத மாட்டார்.

---

கீழ்வானம்

48 அங்குலச் சுற்றளவு, 12 அடி நீளம். உருளையின் கன அளவை நான் போட்டுப் பார்த்தேன், 15 கன அடிக்கு மேல் வருகிறது. உங்கள் அப்பா 12 என்று எழுதியிருக்கிறார். யாரோ யாரையோ ஏமாற்றியிருக்கிறார்கள் போல. 😀

---

உளிச்சத்தம்

ஏமாற்று இல்லை தம்பி. அது கால்சுற்றுக் கணக்கு. சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். 48-இல் கால் 12. 12 × 12 = 144. நீளம் 12. ஆக 12 கன அடி. நீங்கள் போட்ட 15.28 உருண்டை மரத்தின் முழுக் கனம். ஆனால் உருண்டையைச் சதுரமாக்கினால் பட்டையும் சீவலும் கழிந்துவிடும். அந்தக் கழிவை முன்கூட்டியே தள்ளிவிட்டு விலை பேசும் வழிதான் இது. ஹாப்பஸ் கணக்கு என்றும் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிறது.

வம்பு எங்கே வருமென்றால் கன மீட்டரில். கப்பல் காகிதத்தில் ஒரு கன மீட்டர் என்றால் முழுக் கனத்தில் 35.3 கன அடி. கால்சுற்றுக் கணக்கில் அதே மரம் 27.7 கன அடிதான். எந்தக் கணக்கில் வாங்கினோம், எந்தக் கணக்கில் விற்கிறோம் என்று தெரியாதவன் ஒரே கப்பலில் கடையை மூடிவிடுவான். டேப்பைச் சுற்றும்போது பட்டைக்கு மேலே பிடிப்பதா, பட்டையைச் சீவிவிட்டுப் பிடிப்பதா என்று நடக்கும் சண்டை தனி. டேப்பைத் தளர்த்திப் பிடிக்கிற ஆளுக்கும் இறுக்கிப் பிடிக்கிற ஆளுக்கும் ஒரு மரத்தில் ஒரு கன அடி வித்தியாசம் வந்துவிடும்.

கோடுகள் அறுப்பு எண்ணிக்கையோ? ஒரு மரத்தை எத்தனை பலகையாக அறுக்கலாம் என்று?

---

கணக்குப்பிள்ளை மகன்

அறுக்காமல் அப்படியே விற்ற மரங்களுக்கும் கோடு இருக்கிறது ஐயா. அதுவும் இல்லை.

---

முத்துநகர் லாரி

தூத்துக்குடியிலிருந்து ஒரு வணக்கம். கோட்டைப் பற்றித் தெரியாது, ஆனால் இழையைப் பார்த்ததும் சும்மா போக மனசு வரவில்லை.

எங்கள் ஊரில் கடல் ஆழம் குறைவு. முன்காலத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது, பல மைல் தள்ளி நங்கூரம் போட்டுவிடும். சரக்கெல்லாம் தோணியில் ஏறி இறங்கும். அப்பா தோணி வேலைக்காரர். ஆடுகிற கப்பலிலிருந்து ஆடுகிற தோணிக்கு மரம் இறக்குவதைப் பற்றிச் சொல்வார். கப்பல் மேலே எழும்போது தோணி கீழே போகும், சங்கிலியில் தொங்குகிற மரம் நடுவில் நிற்கும். தண்டல் (தோணித் தலைவர்) கையைக் காட்டுகிற அந்த ஒரு நொடியில் கயிற்றை விட வேண்டும். முந்தினால் தோணி உடையும், பிந்தினால் ஆள் உடைவான்.

1974 ஜூலையில் புதுத் துறைமுகம் பெருந்துறைமுகம் ஆனது. அப்புறம் கப்பல் சுவரோரமே வந்து நின்றது. நான் லாரிக்குப் போனேன். மரம் குவிய ஆரம்பித்தது அதற்கும் வெகுநாள் கழித்துத்தான். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் காட்டில் மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. உள்ளூர் மரம் சுருங்கியது, வெளிநாட்டு மரம் பெருகியது. பர்மா தேக்கு, ஆப்பிரிக்கத் தேக்கு, நியூசிலாந்து பைன் என்று வந்தது. பைன் லேசான மரம், வாசனை நன்றாக இருக்கும். ஆனால் பூச்சி மருந்துப் புகை போட்டு வருவதால் புதுச் சரக்குப் பக்கம் மூக்கைக் கொண்டுபோகாதே என்று சொல்வார்கள்.

செங்கோட்டை மில்லுகளுக்குத்தான் என் ஓட்டம் அதிகம். உருண்டை மரம் ஏற்றினால் ஒரு விதி உண்டு: கிளம்பிப் பத்து கிலோமீட்டரில், அவசரம் எவ்வளவு இருந்தாலும், வண்டியை ஓரம் கட்டிச் சங்கிலியை மறுபடி இறுக்க வேண்டும். ஏற்றும்போது இறுக்கியது கணக்கில் இல்லை. குலுங்கி மரம் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் சங்கிலி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று தெரியும். போகிற வழியில் ஒரு டீக்கடை, எல்லா மர லாரியும் அங்கே நிற்கும். டீக்கு நிற்கிறோம் என்று வெளியாள் நினைப்பான்.

---

ராயபுரத்தான்

கணக்குப்பிள்ளை மகன் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். திருவிழா மாதிரி இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். நிழலில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

என் அப்பா அதே ரோட்டில் வண்டி இழுத்தவர். சித்தப்பா அட்டி போடும் ஆள். பாட்டுப் பாடியது சந்தோஷத்தில் இல்லை. ஆறு பேர் ஒரு மரத்தைத் தூக்குகிறார்கள் என்றால் ஆறு பேரும் ஒரே மூச்சில் தூக்க வேண்டும். ஒருவன் அரை நொடி முந்தினால் மொத்தப் பாரமும் அவன் தோளில் இறங்கும். மேஸ்திரி ‘ஏலே’ என்று இழுப்பார், ‘லோ’வில் தூக்கு. இறக்கும்போது இன்னும் கஷ்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் கையை உதறி விலக வேண்டும். பாட்டு தடுமாறினால் ஒருவன் கால் போச்சு.

வண்டி விஷயமும் அப்படித்தான். இரண்டு சக்கர நீள வண்டி. மரத்தை அச்சுக்குச் சரிநடுவில் வைக்கக் கூடாது, ஒரு முழம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். அப்போதுதான் நுகக்கால் கையில் லேசாக அழுத்திக்கொண்டே வரும். பின்பாரம் ஆகிவிட்டால் வண்டி ஆளைத் தூக்கிவிடும். அப்பா அப்படி ஒருமுறை யானைக்கவுனிப் பாலத்து ஏற்றத்தில் தரையிலிருந்து மேலே போய் ஊஞ்சல் மாதிரி தொங்கினாராம். ஊரே சிரித்தது. வீட்டுக்கு வந்து அவரும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அந்தப் பாலம் ஏற பின்னால் தள்ள இரண்டு பையன்கள் வேண்டும். சூளைக்கும் வேப்பேரிக்கும் மரம் போக வேண்டுமென்றால் வேறு வழி சுற்று. தள்ளுகிற பையனுக்குக் காசு அப்பா கையிலிருந்துதான், கடையிலிருந்து இல்லை. லீவு நாளில் அந்தப் பையன் நான்.

ஒன்று மட்டும் நல்ல ஞாபகம். அறுவை மில்லில் சாயங்காலம் மரத்தூள் கொடுப்பார்கள். அம்மா கோணிப்பையோடு வரிசையில் நிற்பாள். அடுப்பு நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் தூளைக் கெட்டியாக அடைத்து, பாட்டிலைத் திருகி உருவ வேண்டும். கீழே ஓட்டையில் ஒரு குச்சியைக் கொளுத்திச் செருகினால் நின்று எரியும். பாட்டிலை உருவும்போது தூள் சரிந்தால் அன்றைக்குச் சோறு லேட். தேக்குத் தூள் நன்றாக எரியும். எங்கள் வீட்டில் பர்மா தேக்கு இருந்தது என்று நானும் சொல்லிக்கொள்ளலாம்.

---

கணக்குப்பிள்ளை மகன்

மன்னிக்கவும் அண்ணே. பத்து வயதுப் பையன் பார்த்ததை எழுதினேன். நீங்கள் சொல்வது சரிதான்.

---

மலபார் மருமகள்

நான் கோழிக்கோட்டில் வாழ்க்கைப்பட்ட திண்டுக்கல்காரி. இங்கே கல்லாய் ஆற்றங்கரையில் இதே கதைதான். காட்டிலிருந்து மரத்தைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் மிதக்க விட்டுக் கொண்டுவருவார்களாம். இங்கே பாரம் தூக்குகிற மாப்பிள்ளைமாரைக் கலாசி என்பார்கள். கப்பியும் வடமும் கையால் சுற்றுகிற உருளையும் மட்டும் வைத்து எதையும் நகர்த்திவிடுவார்கள். 1988-இல் கொல்லம் பக்கம் பெருமண் பாலத்திலிருந்து ரயில் ஏரியில் விழுந்தபோது பெட்டிகளை மேலே எடுக்க அவர்களைத்தான் கூப்பிட்டார்கள். என் மாமனார் அதைச் சொல்லும்போது மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

---

கீழ்வானம்

ராயபுரத்தான் அண்ணே, ஒரு சந்தேகம். துறைமுகத் தொழிலாளிக்குச் சட்டம், சங்கம், பென்ஷன் எல்லாம் இருந்ததே? என் மாமா துறைமுகத்தில் இருந்தார், நன்றாகத்தான் ஓய்வு பெற்றார்.

---

ராயபுரத்தான்

கேட்டுக்கு உள்ளே இருந்தது தம்பி. 1948 சட்டப்படி கப்பலில் ஏற்றி இறக்குகிறவர்கள் பதிவான ஆட்கள். தினம் வேலை இல்லாவிட்டாலும் வந்து நின்றதற்கு ஒரு காசு உண்டு. அதே மரம் கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் தூக்குகிறவனுக்கு ஒன்றும் கிடையாது. 1982-இல் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று வந்தது. எங்கள் தெருவில் நல வாரிய அட்டை வர அதற்கப்புறம் எத்தனையோ வருடம் ஆனது. அப்பா அதற்குள் வண்டியை விற்றுவிட்டார். உங்கள் மாமா தூக்கிய அதே மரத்தை அடுத்த அரை மணியில் என் அப்பா இழுத்திருப்பார். நடுவில் ஒரு சுவர்.

அந்தச் சுவரைத் தாண்டி வந்ததில் எங்களுக்குப் பிடித்தது டன்னேஜ் கட்டை. கப்பலில் சரக்கு நகராமல் அண்டை கொடுக்கிற கட்டைகள். எந்த நாட்டு மரமோ, யார் கண்டார். சரக்கு இறங்கியதும் அது கழிவு. மலிவாக வரும். எங்கள் வீட்டுக் கட்டிலும் என் படிக்கிற மேஜையும் அதுதான். மேஜையின் அடியில் வேற்று மொழி எழுத்து கறுப்பாக அச்சடித்திருக்கும். அதைப் படிக்கக் குப்புறப் படுத்துக் கிடப்பேன்.

சரி, உங்கள் கோட்டு விஷயத்தைச் சித்தப்பாவிடம் கேட்கிறேன். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு. காது சரியில்லை, ஞாபகம் சரியாக இருக்கிறது.

---

உளிச்சத்தம்

அதுவரை சும்மா இருக்காமல் ஒரு விஷயம். 2014 ஏப்ரலிலிருந்து பர்மாக்காரன் உருண்டை மரம் ஏற்றுமதியை நிறுத்திவிட்டான். இன்று கடையில் பர்மா தேக்கு என்று உருண்டையாகக் காட்டினால் ஒன்று பழைய இருப்பு, இல்லையென்றால் கதை. இப்போது வருவதில் பெரும்பாலும் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காப் பக்கத்துத் தோட்டத் தேக்கு, கன்டெய்னரில். இளம் மரம், வெள்ளை அதிகம். நிஜமான பர்மா தேக்கு வேண்டுமென்றால் காரைக்குடிப் பக்கம் இடித்த வீட்டுச் சாமான் கடைகளுக்குப் போங்கள். நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் வந்த உத்திரம் அங்கே தரையில் கிடக்கும். அதில் உளி வைத்தால் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு கையில் ஒட்டும்.

---

ராயபுரத்தான்

கேட்டுவிட்டேன். கத்திக் கத்திக் கேட்டதில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் விடை தெரிந்துவிட்டது.

அது ஆள் கணக்கு.

சித்தப்பா சொன்னது: கடைக்காரனுக்கு மரம் பன்னிரண்டு கன அடி. எங்களுக்கு அது ஆறாள் மரம். கன அடி எல்லாம் எங்களுக்கு எதற்கு? மேஸ்திரி மரத்தின் முனையில் காலால் ஒரு உதை உதைத்துப் பார்ப்பார், ‘நாலாள்’, ‘எட்டாள்’ என்பார். அந்த வார்த்தைதான் எடை. தேக்கும் கோங்கும் ஒரே அளவாக இருந்தாலும் கோங்கு எட்டாள். தண்ணீரில் கிடந்த மரம் என்றால் இன்னும் ஒரு ஆள் சேர்க்க வேண்டும். கூலியை மேஸ்திரி மொத்தமாக வாங்கித் தலைக்குப் பிரிப்பார். எத்தனை தலை என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும், அவர் கோடு போட்டுக்கொள்வார். வாரக் கடைசியில் சண்டை வந்தால் கோட்டை எண்ணித் தீர்ப்பார்களாம்.

---

உளிச்சத்தம்

அடடா. கணக்கு அப்படியே பொருந்துகிறது பாருங்கள். காய்ந்த தேக்கு கன அடிக்கு ஏறக்குறைய 18 கிலோ. முழுக் கனம் 15.28 என்றால் 275 கிலோ. ஆறால் வகுத்தால் தலைக்கு 46. கோங்கு கன அடிக்கு 27 கிலோ பக்கம் வரும். 410 கிலோ, எட்டால் வகுத்தால் 51. மேஸ்திரி காலால் உதைத்துச் சொன்னது தராசில் நிற்கிறது.

---

கீழ்வானம்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் ஓர் ஆள் தூக்குவதற்குச் சிபாரிசு செய்த உச்ச எடை 55 கிலோ. ஒருவேளை மேஸ்திரியைக் கேட்டிருப்பார்கள். (முதலில் ஏமாற்று என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.)

---

முத்துநகர் லாரி

எங்கள் ஊரிலும் ‘நாலாள் தூக்கு’ என்பார்கள் அண்ணாச்சி. நான் அதை வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன்.

---

ராயபுரத்தான்

சித்தப்பா இன்னொன்றும் சொன்னார். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். “எட்டாள் மரத்துக்கு ஏழு கோடோ ஆறு கோடோ போட்டிருந்தால் அன்றைக்கு ஆள் வரவில்லை, இருந்தவர்களை வைத்துத் தூக்கச் சொன்னார்கள் என்று அர்த்தம். அந்த மாதிரி இருக்கிறதா என்று கேள்” என்றார். அவருக்கு இடது காலில் மூன்று விரல் கிடையாது. எந்தக் கடை என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

---

கணக்குப்பிள்ளை மகன்

நேற்றும் இன்றும் ஏழு நோட்டையும் வரி வரியாகப் பார்த்தேன். பெரும்பாலும் அளவுக்கும் மரத்துக்கும் ஏற்றபடிதான் கோடு இருக்கிறது. தீபாவளி, பொங்கலை ஒட்டிய நாட்களில் குறைகிறது. எட்டுக்கு ஏழு, நிறைய. எட்டுக்கு ஆறு, பதினொரு இடம்.

ஒரே ஒரு இடத்தில் கோ – 48 – 12 – 12, ஐந்து கோடு. பொங்கலுக்கு அடுத்த வாரம். அந்த வரியில் மட்டும் கோடுகளைப் பென்சிலால் போட்டுவிட்டு அதன் மேலேயே மையால் இன்னொரு தடவை போட்டிருக்கிறார். அதே பக்கத்தில் கீழே செலவுக் கணக்கில் ‘ஸ்டான்லி, ஆட்டோ’ என்று ஒரு வரி. தொகை எழுதவில்லை. கடைப் பணமா, தன் பணமா, தெரியவில்லை.

பக்கத்தைப் படம் எடுத்துப் பொதுவில் போட மனசு வரவில்லை. ராயபுரத்தான் அண்ணே, உங்களுக்குத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.

---

நிலவாசல்

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வாசல் நிலைக்குக் கோங்கு போடலாமா, வேங்கை போடலாமா? தச்சர் ஐயா சொல்ல முடியுமா?

---

உளிச்சத்தம்

வெயில் மழை படுகிற நிலைக்குக் கோங்கு தாங்கும். காயாத மரத்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள். வேறு இழை தொடங்குங்கள் தம்பி, அங்கே விவரமாகச் சொல்கிறேன்.

---

ராயபுரத்தான்

படம் கிடைத்தது. சித்தப்பா இல்லை அது. அவருக்கு அடிபட்டது ஐப்பசி மழையில், இது தை மாதம். வேறு யாரோ.

அவருக்குப் படித்துக் காட்டினேன். “கோங்கா?” என்றார். ஆமாம் என்றேன். “அஞ்சு பேரா?” என்றார். கை விரலை விரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.